அமெரிக்காவில் கார் இன்சூரன்ஸும் அம்ப்ரெல்லா பாலிசியும்: எதை, எவ்வளவு, எந்த வரிசையில் எடுப்பது

இந்தியாவில் கார் ஓட்டிப் பழகி அமெரிக்கா வந்தவர்கள் இன்சூரன்ஸ் எடுக்கும்போது பெரும்பாலும் கேட்பது, "ஃபுல் கவரேஜ் எவ்வளவு ஆகும்?" என்பதுதான். அங்கே பழகிய பழக்கம் அப்படிக் கேட்க வைக்கிறது. இந்தியாவில் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். விபத்தில் ஒருவர் இறந்தாலோ காயம்பட்டாலோ, லைசென்ஸ் போன்ற நிபந்தனைகள் சரியாக இருந்தால், மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் சொல்லும் தொகையை இன்சூரன்ஸ் கம்பெனி கட்டும். உயிருக்கும் உடலுக்கும் அங்கே உச்சவரம்பு கிடையாது. அடுத்தவர் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்குத்தான் வரம்பு, காருக்கு ஏழரை லட்சம் ரூபாய். ஆகவே தேர்டு பார்ட்டியைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. நம் வண்டிக்கு என்ன கிடைக்கும் என்பதே பேச்சு.

அமெரிக்காவில் அடுத்தவர் உடலுக்கும் வரம்பு உண்டு. அந்த வரம்பைத் தேர்ந்தெடுப்பது நீங்கள்தான். கோர்ட் சொல்லும் தொகை அதைத் தாண்டினால், மிச்சத்துக்கு உங்கள் சம்பளமும் சேமிப்பும்தான் பதில் சொல்ல வேண்டும். 30,000 டாலர் கார் நொறுங்கினால் அதிகபட்ச நஷ்டம் 30,000 டாலர். ஒருவருக்கு முதுகுத்தண்டில் அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு, போன வேலை, வாழ்நாள் பராமரிப்பு என்று அது எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே முதலில் பார்க்க வேண்டியது உங்கள் காரை அல்ல, லயபிலிட்டி லிமிட்டை, அதாவது உங்களால் அடுத்தவருக்கு ஏற்படும் நஷ்டத்துக்குக் கம்பெனி கொடுக்கும் உச்சத் தொகையை. கீழே உள்ள வரிசையும் அதனால்தான் அப்படி இருக்கிறது. படி 6-ல் வரும் அம்ப்ரெல்லா, அந்த லிமிட் தீர்ந்த பிறகு கைகொடுக்கும் கூடுதல் பாலிசி.

படி 1: டெக்லரேஷன் பேஜை எடுங்கள்

பாலிசியோடு வரும் முதல் ஓரிரண்டு பக்கங்களுக்குத்தான் இந்தப் பெயர். கம்பெனியின் ஆப்பில் பிடிஎஃப் ஆகக் கிடைக்கும். மாதம் எவ்வளவு போகிறது என்பதைத் தவிர வேறு எதையும் பலர் அதில் படிப்பதில்லை. இப்போது திறந்து "பாடிலி இஞ்சுரி லயபிலிட்டி" என்ற வரியைத் தேடுங்கள். பக்கத்தில் 30/60 என்பது மாதிரி இரண்டு எண்கள் இருக்கும். அடுத்த வரியில் "பிராபர்ட்டி டேமேஜ்", அங்கே ஒரே எண். மூன்றையும் சேர்த்து 30/60/15 என்று சொல்வார்கள்.

முதல் எண், காயம்பட்ட ஒருவருக்குக் கம்பெனி கொடுக்கும் உச்சத் தொகை, ஆயிரம் டாலர் கணக்கில். இரண்டாவது, ஒரு விபத்தில் காயம்பட்ட எல்லோருக்கும் சேர்த்து. மூன்றாவது, நீங்கள் இடித்த கார், வேலி, மின்கம்பம் போன்றவற்றுக்கு. 30/60/15 வைத்திருப்பவர் நான்கு பேர் போகும் ஒரு காரை இடித்து நால்வரும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், அத்தனை பேருக்கும் சேர்த்து 60,000 டாலர்தான். அதிலும் யாருக்கும் 30,000-க்கு மேல் கிடையாது. சில பாலிசிகளில் மூன்று எண்ணுக்குப் பதிலாக 3 லட்சம், 5 லட்சம் என்று மொத்தமாக ஒரே லிமிட் இருக்கும். அது காயத்துக்கும் சேதத்துக்கும் சேர்த்து.

இந்த 30/60/15 கற்பனை எண் அல்ல. 2025 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில் சட்டப்படியான குறைந்தபட்சம் இதுதான். அதற்கு முன் பல பத்தாண்டுகளாக அங்கே 15/30/5 ஆக இருந்தது. டெக்சாஸில் 30/60/25. வர்ஜீனியாவில் 2025 முதல் 50/100/25. நியூஜெர்சியில் 2026 முதல் 35/70/25. ஃப்ளோரிடாவில் சொந்த மருத்துவச் செலவுக்கு 10,000, அடுத்தவர் சொத்துக்கு 10,000 இருந்தால் காரைப் பதிவு செய்து விடலாம். ரோட்டில் வண்டியை இறக்க அரசு கேட்கும் தகுதி மட்டும்தான் இந்த எண்கள். உங்கள் குடும்பத்துக்கு எவ்வளவு பாதுகாப்பு வேண்டும் என்று கணக்குப் பார்த்து யாரும் இவற்றை வைக்கவில்லை.

படி 2: லயபிலிட்டியை ஏற்றுங்கள்

வேலையில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு 250/500/100 சரியான தொடக்கம் என்பது என் கருத்து. உடனே முடியாவிட்டால் 100/300/100. அதற்குக் கீழே இறங்க வேண்டாம். லிமிட்டை எட்டு மடங்கு ஏற்றினால் பிரீமியமும் எட்டு மடங்கு ஏறிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஏறாது. பெரிய தொகைக்கான கிளெய்ம்கள் குறைவாக வருவதால் மேல் அடுக்குகளின் விலை எப்போதும் மலிவு. கம்பெனியின் வலைத்தளத்தில் அந்த ஒரு எண்ணை மட்டும் மாற்றிப் பாருங்கள், வித்தியாசம் அங்கேயே தெரியும்.

சொத்துச் சேதத்துக்கான மூன்றாவது எண்ணையும் விட்டுவிடாதீர்கள். ஃப்ரீவேயில் உங்கள் முன்னால் போகும் வண்டிகளின் விலையை மனதுக்குள் கூட்டிப் பாருங்கள். ஒரு எலெக்ட்ரிக் எஸ்யூவியும் ஒரு பிக்கப் டிரக்கும் சேர்ந்து நொறுங்கினால் 15,000 எந்த மூலைக்கு?

படி 3: உங்களை இடிப்பவரிடம் இன்சூரன்ஸ் இல்லாவிட்டால்

பாலிசியில் அதிகம் அலட்சியப்படுத்தப்படும் வரி இது. "அன்இன்ஷூர்ட் மோட்டரிஸ்ட்", "அண்டர்இன்ஷூர்ட் மோட்டரிஸ்ட்" என்று இருக்கும். சுருக்கமாக யூஎம், யூஐஎம். இதுவரை பார்த்த லயபிலிட்டி உங்களால் அடிபட்டவருக்கு. இது உங்களுக்கு, உங்கள் மனைவிக்கு, பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு. இடித்தவர் இன்சூரன்ஸே இல்லாமல் ஓட்டியிருக்கலாம், நிற்காமல் ஓடியிருக்கலாம், இல்லை மாநிலக் குறைந்தபட்சத்தை மட்டும் வைத்திருக்கலாம். உங்களுக்கு 3 லட்சம் டாலர் நஷ்டமாகி, அவர் கம்பெனி 30,000 கொடுத்துக் கையை விரித்தால், மிச்சத்தை உங்கள் பாலிசியின் யூஐஎம்மிலிருந்துதான் கேட்க முடியும். அவர் மேல் கேஸ் போட்டு ஜெயித்தாலும், கொடுக்க அவரிடம் பணம் இருக்க வேண்டுமே.

கலிஃபோர்னியா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் யூஎம் வேண்டாம் என்றால் அதை எழுத்தில் தர வேண்டும். ஆன்லைனில் வாங்கும்போது விலையைக் குறைக்கும் அவசரத்தில் அந்தக் கட்டத்தை டிக் செய்துவிட்டு மறந்து போனவர்கள் உண்டு. உங்கள் டெக்லரேஷன் பேஜில் அந்த வரிக்கு எதிரே "ரிஜெக்டட்" என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இன்றே மாற்றச் சொல்லுங்கள். யூஎம் லிமிட்டை லயபிலிட்டி லிமிட்டுக்குச் சமமாக வைப்பதுதான் முறை. பல மாநிலங்களில் அதற்கு மேல் வைக்கவும் விடமாட்டார்கள். முகம் தெரியாதவருக்கு இரண்டரை லட்சம், சொந்தப் பிள்ளைக்கு முப்பதாயிரம் என்று எந்தப் பெற்றோரும் தெரிந்தே எழுதித் தரமாட்டார்கள்.

இதோடு ஒட்டியது மருத்துவச் செலவு. நியூயார்க், நியூஜெர்சி, மிச்சிகன், பென்சில்வேனியா, ஃப்ளோரிடா உள்ளிட்ட ஒரு டஜன் மாநிலங்களில் தவறு யார் மேல் இருந்தாலும் அவரவர் மருத்துவச் செலவை அவரவர் பாலிசியின் பிஐபி என்ற பகுதி முதலில் கட்டும். மற்ற பல மாநிலங்களில் "மெட்பே" என்று 5,000, 10,000 டாலருக்கு எடுக்கலாம். அது உங்கள் காரில் பயணம் செய்பவர்களுக்கும் பொருந்தும். ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் வந்து தங்கும் வீடுகளுக்கு இது மிகவும் உதவும். அவர்களுக்கு நாம் எடுக்கும் விசிட்டர் இன்சூரன்ஸில் டிடக்டிபிளும் (கம்பெனி கொடுக்கும் முன் நம் கையிலிருந்து போட வேண்டிய தொகை) நிபந்தனைகளும் ஏராளம். உங்கள் காரில் போகும்போது அவர்களுக்கு அடிபட்டால் மெட்பே தவறு யாருடையது என்று பார்க்காமல் கொடுக்கும்.

நியூஜெர்சியில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அங்கே வழக்குப் போடும் உரிமையைக் குறைத்துக்கொண்டால் பிரீமியம் குறையும். எலும்பு முறிவு, நிரந்தரக் காயம் போன்றவை இல்லாவிட்டால் வலி வேதனைக்கு நஷ்டஈடு கேட்க முடியாது என்பது அதன் சாரம். கட்டணம் குறைவு என்பதற்காகவே பலரும் அதில் இருக்கிறார்கள். தெரிந்து தேர்ந்தெடுத்தால் தவறில்லை, தெரியாமல் இருக்கக் கூடாது.

படி 4: சொந்தக் காருக்கு

கொலிஷன் என்பது மோதலுக்கு. காம்ப்ரிஹென்சிவ் என்பது திருட்டு, தீ, வெள்ளம், ஆலங்கட்டி மழை, கண்ணாடி உடைவது போன்ற மற்றவற்றுக்கு. மான் குறுக்கே வந்து மோதினால் காம்ப்ரிஹென்சிவ். மானுக்கு ஒதுங்கப் போய் மரத்தில் இடித்தால் கொலிஷன். காரில் வைத்திருந்த லேப்டாப் திருடு போனால் இரண்டிலும் வராது, ரென்டர்ஸ் (வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கானது) அல்லது வீட்டு இன்சூரன்ஸைத்தான் பார்க்க வேண்டும்.

கார் லோனிலோ லீஸிலோ இருந்தால் இரண்டையும் பேங்க் கேட்கும். லோன் முடிந்த பழைய கார் 4,000 டாலர்கூடப் போகாது என்றால் கொலிஷனை நீக்கிவிடலாம். டிடக்டிபிளை 500-லிருந்து 1,000-க்கு ஏற்றினால் மிச்சமாகும் பணத்தை லயபிலிட்டிக்கும் யூஎம்முக்கும் திருப்புங்கள். ஆயிரம் டாலர் நஷ்டத்தை ஒரு மாதம் கஷ்டப்பட்டுச் சமாளித்துவிடலாம். ஐந்து லட்சத்தைச் சமாளிக்க முடியாது.

படி 5: உங்கள் காரை யாரெல்லாம் ஓட்டுகிறார்கள்

கிளெய்ம் நிராகரிக்கப்படுவதில் பாதித் தலைவலி இங்கேதான் தொடங்குகிறது. ஒரே வீட்டில் வசிக்கும், லைசென்ஸ் உள்ள எல்லோரின் பெயரையும் கம்பெனியிடம் சொல்ல வேண்டும். படிக்க வந்த பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்து ஒரு கார் வாங்கி ஒருவர் பெயரில் இன்சூரன்ஸ் எடுப்பது சகஜம். ஆனால் ரூம்மேட் குடும்ப உறுப்பினர் கணக்கில் வரமாட்டார். யார் யார் ஓட்டுகிறார்களோ அத்தனை பேரையும் பாலிசியில் சேர்த்துவிடுங்கள். மாதம் சில டாலர் கூடும், பரவாயில்லை.

ஊரிலிருந்து வந்த அப்பா இந்திய லைசென்ஸும் ஐடிபி என்ற சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வைத்துக்கொண்டு அக்கம்பக்கம் கோயிலுக்கும் கடைக்கும் ஓட்டுவார். எப்போதாவது அனுமதி பெற்று ஓட்டுபவருக்குப் பெரும்பாலான பாலிசிகள் பொருந்தும். ஆறு மாதம் உங்கள் வீட்டிலேயே தங்கி அடிக்கடி ஓட்டினால் கம்பெனி அவரை வீட்டு உறுப்பினராகப் பார்க்க வாய்ப்பு உண்டு. அந்த மாநிலத்தில் அவருடைய லைசென்ஸ் எவ்வளவு காலம் செல்லும் என்பதையும் பார்க்க வேண்டும். சாவியைக் கொடுப்பதற்கு முன் ஏஜென்டுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதிலைப் பத்திரமாக வையுங்கள். போனில் "ஓகே சார்" என்று சொன்னதை நாளைக்கு யாரும் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள்.

பிள்ளைக்கு ஓட்டப் பழகும் பர்மிட் வந்ததுமே சொல்லிவிடுங்கள். பதின்வயதுப் பிள்ளை பாலிசியில் சேரும்போது பிரீமியம் எகிறும், உண்மைதான். மறைத்து வைத்தால் விபத்து நடந்த அன்றைக்கு அதைவிடப் பெரிய விலை கொடுக்க வேண்டும்.

வேலை போன காலத்தில் உணவு டெலிவரி, டாக்ஸி ஆப் என்று ஓட்டுபவர்கள் கவனிக்க: சாதாரணப் பாலிசி கட்டணத்துக்கு ஆள் ஏற்றுவதை விலக்கிவைக்கும். டெலிவரியையும் பல பாலிசிகள் விலக்குகின்றன. ஆப் கம்பெனிகளின் இன்சூரன்ஸ் பயணியை ஏற்றிய பிறகு வலுவாக இருக்கும், ஆப்பைத் திறந்து வைத்துக் காத்திருக்கும் நேரத்தில் மெலிந்துவிடும். அந்த இடைவெளிக்கென்றே ரைட்ஷேர் எண்டார்ஸ்மென்ட் என்று பாலிசியோடு சேர்க்கும் ஒரு கூடுதல் பகுதியை விற்கிறார்கள். வாடகைக் கார் எடுக்கும்போது உங்கள் லயபிலிட்டி அமெரிக்காவிலும் கனடாவிலும் பொதுவாகக் கூடவே வரும். மெக்சிகோவுக்கு வராது, எல்லையிலேயே தனியாக வாங்க வேண்டும். கிரெடிட் கார்டு தருவது வாடகைக் காரின் சேதத்துக்கான உதவி மட்டும்தான். அடுத்தவருக்கு ஏற்படும் காயத்துக்கு அது எதுவும் தராது.

படி 6: அம்ப்ரெல்லா

கார் இன்சூரன்ஸும் வீட்டு இன்சூரன்ஸும் கீழ்த்தளம் என்றால் அம்ப்ரெல்லா மாடி. கீழே லிமிட் தீர்ந்த இடத்தில் அது தொடங்கும். சாதாரணமாக ஒரு மில்லியன், அதாவது 10 லட்சம் டாலரில் ஆரம்பித்து, மில்லியன் மில்லியனாகக் கூட்டலாம். ஒரு வீடு, இரண்டு கார், சுத்தமான ஓட்டுநர் வரலாறு உள்ள குடும்பத்துக்கு முதல் மில்லியன் ஆண்டுக்குச் சில நூறு டாலரில் கிடைத்துவிடும். பதின்வயது ஓட்டுநரோ நீச்சல்குளமோ இருந்தால் கூடும். இரண்டாவது மில்லியன் முதலாவதைவிட மலிவு.

மாடி கட்ட, கீழ்த்தளம் இவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று கம்பெனி நிபந்தனை வைக்கும். காருக்குப் பெரும்பாலும் 250/500/100, வீட்டுக்கு 3 லட்சம் லயபிலிட்டி. இது புரியாமல் கையைச் சுட்டுக்கொள்பவர்கள் அதிகம் என்பதால் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

இடது பக்கம் திரும்பும்போது எதிரே வந்த மோட்டார் சைக்கிளைக் கவனிக்கவில்லை. ஓட்டியவருக்குப் பலத்த காயம், மொத்த நஷ்டஈடு 9 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். 30/60/15 மட்டும் இருந்தால் கம்பெனி 30,000 கொடுக்கும், உங்கள் தலையில் 8,70,000. கார் பாலிசி 250/500/100, மேலே ஒரு மில்லியன் அம்ப்ரெல்லா இருந்தால் கார் பாலிசி இரண்டரை லட்சம், அம்ப்ரெல்லா ஆறரை லட்சம், உங்கள் கையிலிருந்து எதுவும் இல்லை. மூன்றாவது நிலைமைதான் முக்கியம். அம்ப்ரெல்லா எடுத்த பிறகு, பணம் மிச்சம் என்று கார் பாலிசியை 100/300-க்கு இறக்கிவிட்டீர்கள், இல்லை வேறு கம்பெனிக்கு மாறும்போது லிமிட் தானாக இறங்கிவிட்டது. இப்போது கார் பாலிசி ஒரு லட்சம் கொடுக்கும். அம்ப்ரெல்லா இரண்டரை லட்சத்துக்கு மேல்தான் பார்க்கும். நடுவே உள்ள ஒன்றரை லட்சம் உங்களுடையது. பாலிசி இருந்தும் இந்தப் பணம் போகும்.

காரோடு அம்ப்ரெல்லா முடிவதில்லை. உங்கள் நாய் ஒரு குழந்தையைக் கடித்தது, பொங்கல் விருந்துக்கு வந்தவர் மாடிப்படியில் விழுந்தார், பின்புற டிராம்போலினில் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கழுத்தில் அடிபட்டது என்றாலும் வரும். அவதூறு வழக்குகளுக்கும் பல பாலிசிகள் பொருந்தும். வீட்டு இன்சூரன்ஸில் இல்லாத அந்த மாதிரி விஷயங்களுக்கு முதலில் ஒரு தொகையை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். வக்கீல் செலவு பெரும்பாலான பாலிசிகளில் லிமிட்டுக்கு வெளியே, கம்பெனியின் கணக்கில் போகும்.

வராதவை: உங்கள் சொந்தக் காயம், உங்கள் சொந்தப் பொருள், வேண்டுமென்றே செய்தது, தொழில் சம்பந்தப்பட்டது. வாடகைக்கு விடும் வீடு வைத்திருப்பவர்கள் அதை அம்ப்ரெல்லா விண்ணப்பத்தில் கட்டாயம் குறிப்பிட வேண்டும். அந்த வீட்டை எல்எல்சி என்ற தனி நிறுவனத்தின் பெயருக்கு மாற்றியிருந்தால் தனிநபர் அம்ப்ரெல்லா பெரும்பாலும் அதைத் தொடாது. உங்கள் காயத்துக்கு வேண்டுமென்றால், சில கம்பெனிகள் கூடுதல் கட்டணத்தில் அம்ப்ரெல்லாவோடு யூஎம் சேர்த்துத் தருகின்றன. கிடைத்தால் எடுங்கள், படி 3-ல் சொன்ன காரணமே போதும்.

எத்தனை மில்லியன்? சொத்தைக் கூட்டிப் பார் என்பதுதான் வழக்கமான அறிவுரை. அது பாதிதான். வீட்டுக் கடன் போக மிச்ச மதிப்பு, பேங்க், பங்குகள் எல்லாம் கூட்டுங்கள். வேலையிடத்து ஓய்வூதியச் சேமிப்பான 401கே-யைக் கூட்ட வேண்டாம், கடன்காரர்களிடமிருந்து அதற்குக் கூட்டாட்சிச் சட்டப் பாதுகாப்பு உண்டு. டெக்சாஸ், ஃப்ளோரிடாவில் குடியிருக்கும் வீட்டுக்கும் வலுவான பாதுகாப்பு இருக்கிறது. அப்புறம் சம்பளத்தைப் பாருங்கள். கோர்ட் தீர்ப்புக்காகச் சம்பளத்தில் பிடிக்க விடும் மாநிலங்களில், கூட்டாட்சிச் சட்டப்படி கைக்கு வரும் சம்பளத்தில் கால் பங்கு வரை பிடிக்கலாம். டெக்சாஸில் இந்த மாதிரிக் கடனுக்குச் சம்பளத்தைத் தொட முடியாது. முப்பது வயதில் சொத்து எதுவும் இல்லாமல் நல்ல சம்பளம் வாங்கும் ஐடி ஊழியர், "என்னிடம் என்ன இருக்கிறது எடுத்துக்கொள்ள" என்று நினைக்கிறார். அவரிடம் இன்னும் முப்பது வருடச் சம்பளம் இருக்கிறது. வாடகை வீட்டில் இருப்பவருக்கும் ரென்டர்ஸ் பாலிசியின் மேல் அம்ப்ரெல்லா தரும் கம்பெனிகள் உண்டு.

படி 7: வாங்கும்போது

விலை ஒப்பிடும்போது எல்லாக் கம்பெனியிலும் ஒரே லிமிட், ஒரே டிடக்டிபிள் போட்டுக் கேளுங்கள். இல்லாவிட்டால் மலிவாகத் தெரிவது வெறும் குறைந்த லிமிட்டாக இருக்கும். புதிதாக வந்தவர்களுக்கு விலை கூடுதலாகத்தான் வரும். இந்தியாவில் ஓட்டிய வருடங்களைப் பல கம்பெனிகள் கணக்கில் எடுப்பதில்லை, கிரெடிட் வரலாறும் இருக்காது. கலிஃபோர்னியா, ஹவாய், மாசசூசெட்ஸ் போன்ற சில மாநிலங்களில் கார் இன்சூரன்ஸ் விலைக்குக் கிரெடிட் ஸ்கோரைப் பார்ப்பதில்லை. மற்ற இடங்களில் ஸ்கோர் ஏறியதும் மறுபடி விலை கேளுங்கள்.

காரும் வீடும் அம்ப்ரெல்லாவும் ஒரே கம்பெனியில் இருந்தால் தள்ளுபடி கிடைக்கும், இடைவெளி விழும் ஆபத்தும் குறையும். வேறு வேறு கம்பெனி என்றால், கார் பாலிசியை மாற்றும் ஒவ்வொரு முறையும் புது டெக்லரேஷன் பேஜை அம்ப்ரெல்லா கம்பெனிக்கு அனுப்புங்கள். புதுக் கார், புது ஓட்டுநர், புது வீடு எதுவானாலும் இரண்டு இடத்திலும் சொல்ல வேண்டும்.

படி 8: விபத்து நடந்துவிட்டால்

911-ஐக் கூப்பிடுங்கள். அடிபட்டவரைக் கவனியுங்கள், எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள், லைசென்ஸ், இன்சூரன்ஸ் விவரங்களைப் பரிமாறிக்கொள்ளுங்கள், சாட்சிகளின் எண்ணை வாங்குங்கள். அடிபட்டவருக்கு ஆறுதல் சொல்லலாம். "என் தப்புதான்" என்று மட்டும் அங்கே சொல்ல வேண்டாம். யார் தவறு என்பதை முடிவு செய்யும் இடம் அது இல்லை. ரோட்டிலேயே 500 டாலரைக் கையில் கொடுத்துப் பேசி முடிக்கும் நம் வழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். பணத்தை வாங்கியவர் மறுவாரம் கழுத்து வலிக்கிறது என்று வக்கீலோடு வரலாம். அன்றைக்கே தெரிவிக்கவில்லையே என்று உங்கள் கம்பெனியும் கேட்கும்.

கார் கம்பெனிக்குத் தெரிவித்த அன்றே, காயம் எதுவும் பட்டிருந்தால் அம்ப்ரெல்லா கம்பெனிக்கும் எழுதுங்கள். பலர் இதை மறந்துவிட்டு, வழக்கு முற்றிய பிறகு தேடுகிறார்கள். எதிர்த்தரப்பு வக்கீலிடமிருந்து கடிதம் வந்தால் நீங்களாகப் பதில் போட வேண்டாம். அதில் "உங்கள் லிமிட் முழுவதையும் கொடுத்தால் வழக்கை முடித்துக்கொள்கிறோம்" என்று கெடு போட்டிருந்தால், கெடு முடிவதற்குள் நியாயமாகப் பரிசீலித்து முடிக்கச் சொல்லி உங்கள் கம்பெனிக்கு எழுத்தில் கேளுங்கள். லிமிட்டுக்குள் முடிந்திருக்கக்கூடிய கேஸை நியாயமில்லாமல் இழுத்தடித்தால், பிறகு லிமிட்டுக்கு மேல் வரும் தீர்ப்புத் தொகைக்கும் கம்பெனியே பொறுப்பாக வேண்டிவரலாம். அப்போது உங்கள் கையில் இருக்க வேண்டியது அந்தக் கடிதத்தின் நகல். கோர்ட் சம்மன் வந்தால், பதில் தரச் சில மாநிலங்களில் 20 நாள், சிலவற்றில் 30 நாள்தான் இருக்கும். வந்த அன்றே ஸ்கேன் செய்து இரண்டு கம்பெனிகளுக்கும் அனுப்பி, கிடைத்தது என்று பதில் வரும்வரை விடாமல் கேளுங்கள்.